வெயில் மேல் பழி போடாதீர்கள்

கார் ஃபியூஸ் பாக்ஸில் ரிலே சாக்கெட் உருகுவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊர் வெயில்தான் காரணமாம். கூடுதல் ஆம்ப் ரிலேயும் ஃபியூஸும் போட்டால் போதுமாம். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டுமாம். ரிலேயை வெளியே எடுத்துப் பொருத்துவது அரைகுறைப் பட்டறை வேலையாம். இத்தனையும் தப்பு. ஃபியூஸ் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டு நடப்பவரின் கார் தீப்பிடிக்கும்.

செராஸில் எவ்வளவு கொளுத்தினாலும் 35 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். பொனட்டுக்குள் சூடு அதைவிட அதிகம்தான். ஆனால் இந்தப் பெட்டிகளில் புழங்கும் பிபிடி பிளாஸ்டிக் உருக 220 டிகிரிக்கு மேல் வேண்டும். பொனட்டே அவ்வளவு சூடானால், அதே பெட்டியில் பக்கத்திலேயே இருக்கும் ஹாரன் ரிலே மட்டும் எப்படித் தப்பித்தது? இந்த ஒரு கேள்வியைக்கூட அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை இரவு, தாமான் கொனோட் பசார் மாலாம் நெரிசல். ஏர்கோன் ஓடுகிறது, ரேடியேட்டர் விசிறி நிற்கவே இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வீட்டுக்கு வந்து ரிலேயைப் பிடுங்கினேன். 87 என்று எண் போட்ட கால் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. சாக்கெட்டில் அந்த ஓட்டை மட்டும் இளகி வாய் கோணியிருந்தது. மற்ற மூன்றும் புதிதுபோல் இருந்தன. வேறொரு ரிலேயின் காலை அந்த ஓட்டையில் செருகிப் பார்த்தேன். பிடிமானமே இல்லை, கையை விட்டால் விழுந்துவிடும்.

நோய் அங்கேதான். விசிறி 20 ஆம்ப் இழுக்கும்போது அந்தத் தளர்ந்த பிடியில் 1 வோல்ட் விழுந்தால், அங்கே 20 வாட் சூடு பிறக்கிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு, 6.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காலில்! சூடு ஏற ஏற உலோகப் பிடி விறைப்பை இழக்கும், ஆக்ஸைடு படியும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். இவ்வளவு நடக்கும்போதும் ஓடுகிற மின்சாரம் அதே 20 ஆம்ப்தான். 30 ஆம்ப் ஃபியூஸ் ஏன் போகப்போகிறது? அதை எடுத்துவிட்டு 40 போடச் சொல்கிறார். ஃபியூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். நாளைக்கு விசிறி மோட்டார் சிக்கிக்கொண்டால் ஃபியூஸ் தாங்கும், வயர் எரியும். பெரிய ரிலே வாங்கினாலும் அதன் காலும் அதே தளர்ந்த வாய்க்குள்தான் போகிறது.

வெளியே வைப்பது அரைகுறை வேலை என்கிறாரே, 2014-இல் கிறைஸ்லர் நிறுவனம் என்ன செய்தது? 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளில் பெட்டிக்குள் இருந்த பெட்ரோல் பம்ப் ரிலே பழுதானது. அமெரிக்காவில் மட்டும் 1,88,000-க்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, பெட்டிக்கு வெளியே புது ரிலே பொருத்திக் கொடுத்தார்கள். அதுவும் பட்டறைக் குளறுபடியா?

தளர்ந்த பிடியில் சால்டர் வைக்கலாம் என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. வழக்கமான ஈயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பிளாஸ்டிக்கே உருகிய இடத்தில் அது நிற்குமா?

முதலில் விசிறி எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். மோட்டார் தேய்ந்து அதிகம் இழுத்தால், காசைக் கொட்டி மாற்றிய புதுப் பெட்டியும் கருகும். மோட்டார் சரியாக இருந்தால், கறுத்த வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது டெர்மினலைக் கிரிம்ப் செய்ய வேண்டும். என் சாக்கெட் உருக்குலைந்துவிட்டதால் புடு ஜாலான் பாசாரில் சில வெள்ளிக்கு வேறு சாக்கெட் வாங்கி, அதே தடிமன் வயரில், தண்ணீர் தேங்காதபடி கால்கள் கீழே பார்க்க, பெட்டிக்குப் பக்கத்தில் பொருத்தினேன்.

விசிறி ஓடும்போது அந்தப் பிடியில் இப்போது 0.04 வோல்ட்தான் விழுகிறது. அவர் எழுதிய கட்டுரையில் மல்டிமீட்டர் என்ற சொல்லே இல்லை. அவர் சரிசெய்ததாகச் சொல்லும் வண்டிகளில் எத்தனை வோல்ட் விழுந்தது? அதை அடுத்த இதழில் எழுதட்டும்.