வெண்தாளும் ஒரு வண்ணமே

நம் இலக்கிய இதழ்களில் ஓர் ஒற்றுப்பிழை நேர்ந்தால் அடுத்த இதழிலேயே வாசகர் கடிதம் வந்துவிடுகிறது. ஓவியத்தின் நீலம் ஊதாவாகிப் போனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எழுத்துக்கு மூன்று முறை மெய்ப்புப் பார்க்கும் நாம், ஓவியத்துக்கு ஒருமுறையும் பார்ப்பதில்லை. இந்தக் குற்றச்சாட்டில் நாங்களும் விலக்கல்லர்.

ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியின் விடியற்காலையை எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தார். நாங்கள் கொண்டுவந்த சிறுமலருக்கு அதுவே அட்டைப்படம். குழல்விளக்கின் கீழ்க் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். தாள் மங்கலாகத் தெரிகிறதென்று வடிவமைத்தவர் வெளுப்பைக் கூட்டினார். அச்சாகி வந்தபோது நீர்மேல் நின்ற பனி இல்லை, வானமும் இல்லை. ஓவியர் ஒன்றும் சொல்லவில்லை. பிரதியைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அந்த மௌனந்தான் எங்களை எழுத வைக்கிறது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசப்படுவதன்று, விட்டுவைக்கப்படுவது. தாளே அங்கு ஒளி. அத்தாளைப் பளிச்சென்று ஆக்க முனையும்போது, அதை ஒட்டி நிற்கும் மெல்லிய பூச்சுகளே முதலில் அழிகின்றன. எஞ்சுவது ஓவியத்தின் எலும்புக்கூடு.

செய்யவேண்டியவை அரிதல்ல. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். இருமடங்கு பெரிதாக்குவதாயின் 600இல் ஸ்கேன் செய்யவேண்டும். கோப்பைச் சுருக்காமல் அனுப்பவேண்டும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறங்காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. அல்ட்ராமரீன் நீலத்தை இம்மைகள் முழுமையாகத் தர இயலா. கவனியாது மாற்றினால் அது ஊதாவின் பக்கம் சாயும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரந்து நிழல்கள் அடைபடும். ஆர்ட் பேப்பரில் இது குறைவு. ஆகவே, எந்தத் தாளில் அச்சாகிறது என்று அறிந்த பின்னரே நிறமாற்றம் செய்யவேண்டும். இறுதியாக, மாதிரி அச்சை மூல ஓவியத்தின் அருகில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

சிறுபத்திரிகைக்குப் பணமேது என்பர். இவற்றுள் பெரும்பாலானவை கேட்பது பணமன்று, பொறுமை. பூவிருந்தவல்லியிலோ ஆவடியிலோ இருப்பவருக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஒரு பேருந்துத் தொலைவு. மூல ஓவியத்தோடு சென்று அச்சுப்பொறியின் அருகில் அரைமணி நேரம் நிற்க நாம் ஏன் தயங்குகிறோம்? படம் என்பது பக்கத்தை நிரப்பும் பொருள் என்னும் எண்ணம் நம்முள் ஊறிக் கிடப்பதுதான் காரணம்.

எஸ். ராஜத்தை (1919–2010) நினைத்துப் பாருங்கள். அஜந்தா மரபில் தோய்ந்து நீர்வண்ணத்தில் தீட்டிய அவருடைய சங்கீத மும்மூர்த்திகளே தமிழர் பலரின் மனக்கண்ணில் நிற்பவர்கள். மூலத்தை நேரில் கண்டவர் எத்தனை பேர்? ஏனையோர்க்கு அச்சுப்படமே ஓவியம். அச்சில் நாம் தொலைக்கும் நிறம் அவர்களைப் பொறுத்தவரை தீட்டப்படாத நிறமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியரின் பெயரைப் பொடியெழுத்தில் போடுவதோடு கடமை முடிந்துவிடாது. மாதிரி அச்சை அவரிடம் காட்டுங்கள். அவர் தலையசைத்த பின்னரே அச்சுப்பொறி ஓடட்டும். கவிஞரைக் கேளாமல் கவிதையில் ஓரடியை நீக்குவோமா? வானத்தை மட்டும் எப்படி நீக்கினோம்?