செல்லுக்குச் சுடும்போது

வெயில் ஏறினால் நமக்கு வியர்க்கிறது. நிழல் தேடுகிறோம், மோர் குடிக்கிறோம். ஒரு தனிச் செல்லுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே சூட்டைத் தாங்கியாக வேண்டும். நம் செல்கள் பழகியது 37 டிகிரிக்கு. அது 42-ஐத் தொட்டாலே உள்ளே இருக்கும் புரதங்கள் நிலைகுலையத் தொடங்கிவிடும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். சூட்டில் அந்த மடிப்பு தளரும்போது, தண்ணீருக்கு ஒட்டாமல் உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்துவிடுகின்றன. வெளியே வந்தவை பக்கத்துப் புரதத்தின் அதே மாதிரிப் பகுதிகளோடு ஒட்டிக்கொள்ள, எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிடும். முட்டையை அவிக்கும்போது வெள்ளைக்கரு இறுகுவதும் இதனால்தான். அப்படி இறுகியதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. செல் அந்தக் கட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. தடுக்கும் ஆட்களுக்குத்தான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். அவற்றில் முக்கியமானது எச்எஸ்பி-70. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அது பிடித்துக்கொள்கிறது. பிறகு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து சேர்ந்ததும் விடுவிக்கிறது. அந்தப் புரதம் மீண்டும் ஒழுங்காக மடிய இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. மடியும்வரை பிடிப்பதும் விடுவதும் தொடரும்.

சூட்டுக்குச் செல் காட்டும் இந்த எதிர்வினை முதலில் தெரியவந்தது ஓர் ஈயின் எச்சில் சுரப்பியில். 1960-களின் தொடக்கத்தில் இத்தாலிய மரபியலாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா டிரோசோஃபிலா பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, குரோமோசோமில் வழக்கமாக உப்பாத இடங்கள் உப்பியிருந்தன.

அந்த உப்பலை நேரில் பார்த்தவர்களுக்கு அவர் எவ்வளவு வியந்திருப்பார் என்பது புரியும். நான் விலங்கியல் படித்தபோது தேங்கிய தண்ணீரிலிருந்து, ஒரு வகை ஈயின் இளம்புழுக்களான சிவப்பு இரத்தப்புழுக்களைப் பிடித்து வருவோம். உப்புக் கரைசல் சொட்டில் புழுவை வைத்து, ஓர் ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு மற்றோர் ஊசியால் தலையை மெதுவாக இழுத்தால், கூடவே கண்ணாடி மாதிரி இரண்டு சிறு பைகள் வரும். அவைதான் உமிழ்நீர்ச் சுரப்பிகள். அசிட்டோ கார்மைன் சாயம் விட்டு, கவர் கண்ணாடியை வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால், கருஞ்சிவப்புப் பட்டைகள் போட்ட தடித்த குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். ஒரே டிஎன்ஏ ஆயிரக்கணக்கான பிரதிகளாகப் பெருகி, பிரியாமல் ஒட்டியே இருப்பதால் அந்தத் தடிமன். அதில் ஏதோ ஓரிடத்தில் பட்டைகள் கலைந்து பஞ்சு மாதிரி உப்பி நிற்கும். அங்கே ஒரு மரபணு விழித்துக்கொண்டு ஆர்என்ஏ எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு மரபணு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிற அந்த நிமிடம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

ரிட்டோசா பார்த்த உப்பல்கள் சூடு பட்ட சில நிமிடங்களிலேயே தோன்றின. இது உயிரியலுக்கு முக்கியமில்லை என்று சொல்லி, பெயர்பெற்ற இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1962-இல் 'எக்ஸ்பீரியன்ஷியா' இதழ் வெளியிட்டது. அந்த மரபணுக்கள் என்ன புரதத்தைச் செய்கின்றன என்று தெரிய 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்ஃபிரட் டிசியேரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ரிட்டோசாவின் கட்டுரையிலேயே ஒரு துப்பு இருந்தது. சூடே படாமல், டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அதே இடங்கள் உப்பின. ஆர்செனிக், காட்மியம், ஆல்கஹால் என்று பலவும் இதே விளைவைத் தருவது பிறகு தெரிந்தது. அப்படியானால் செல் அளப்பது சூட்டை மட்டுமாக இருக்க முடியாது. உள்ளே எவ்வளவு புரதம் கெட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது.

அளக்கும் விதம் அபாரம். வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை எழுப்புவது எச்எஸ்எஃப்-1 என்ற புரதம். சாதாரண நாட்களில் அதை எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 போன்றவை பிடித்து வைத்திருக்கின்றன. சூடு ஏறிப் புரதங்கள் கெடத் தொடங்கியதும் இவை அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விடுகின்றன. பிடி விட்டதும் எச்எஸ்எஃப்-1 மூன்று மூன்றாகச் சேர்ந்து, செல்லின் உட்கருவில் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காருகிறது. எச்எஸ்எஃப்-1 தானே சூட்டை ஓரளவு உணரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆனாலும் கணக்கின் பெரும்பகுதி இந்தப் பிடிப்பிலும் விடுப்பிலும்தான் நடக்கிறது. காப்பாற்றும் ஆட்கள் போதவில்லை என்பதே இன்னும் ஆட்களைச் செய் என்ற உத்தரவாகிவிடுகிறது.

வேகத்துக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஈயின் எச்எஸ்பி-70 மரபணுவில், ஆர்என்ஏவை எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதி முன்கூட்டியே வந்து, சில பத்து எழுத்துகளை எழுதிவிட்டு நின்றுகொண்டிருக்கும். 1980-களில் ஜான் லிஸ் குழு கண்டது இது. எச்எஸ்எஃப்-1 வந்து உட்கார்ந்ததும் அது மளமளவென்று ஓடத் தொடங்கும். இன்னொன்று: நம் மரபணுக்கள் பெரும்பாலானவற்றின் நடுநடுவே வெட்டி நீக்க வேண்டிய துண்டுகள் உண்டு. கடும் சூட்டில் அந்த வெட்டி ஒட்டும் வேலையே தடைபடும். எச்எஸ்பி-70 மரபணுவில் அப்படி வெட்ட வேண்டிய துண்டே கிடையாது.

இத்தனையும் வியப்புத்தான். இருந்தாலும் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இது அடங்கும் விதத்தில். புதிதாக எச்எஸ்பி-70 பெருகப் பெருக, கெட்ட புரதங்கள் குறைகின்றன. வேலையில்லாமல் மிஞ்சும் எச்எஸ்பி-70 திரும்பி வந்து எச்எஸ்எஃப்-1-ஐயே பிடித்துக்கொள்கிறது. மரபணு அடங்குகிறது. மேலிருந்து யாரும் போதும் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்து வைத்த புரதங்கள் சில காலம் தங்குவதால், முதலில் மிதமான சூடு கண்ட செல் அடுத்து வரும் கடும் சூட்டையும் தாங்கிவிடும்.

நல்லதுதானே, எப்போதும் செய்துகொண்டே இருந்தால் என்ன என்று தோன்றலாம். சூசன் லிண்ட்குவிஸ்ட் குழு 1992-இல் அதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண வெப்பத்திலேயே ஈயின் செல்களை எச்எஸ்பி-70 செய்ய வைத்தார்கள். செல்களின் வளர்ச்சி மந்தமானது. அந்தப் புரதத்தைச் செல்கள் சிறு துகள்களாக ஒதுக்கி முடக்கிய பிறகே வளர்ச்சி மீண்டது. காக்கும் புரதமானாலும் வேளை தவறி மிகுந்தால் செல்லுக்குச் சுமை.

நோயில் இந்த அடக்கம் இரண்டு பக்கமும் தவறுகிறது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் இந்த எதிர்வினையைத் தொடங்கவே தயங்குபவை. அவற்றில் புரதக் கட்டிகள் சேரும்போது உதவி போதிய அளவில் வருவதில்லை. புற்றுநோய்ச் செல்லில் நேர்மாறு. கோணலான புரதங்களை நிறையச் சுமந்துகொண்டு தாறுமாறாக வளரும் அதற்கு எந்நேரமும் முட்டு தேவை. எச்எஸ்எஃப்-1 இல்லாத எலிகளில் புற்றுக்கட்டி உண்டாவது வெகுவாகக் குறைவதை 2007-இல் லிண்ட்குவிஸ்ட் குழுவே காட்டியது.

ஆகவே எச்எஸ்பி-90-ஐ முடக்கும் மருந்துகளைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்த இந்த ஏற்பாடு அங்கே நமக்கு எதிராகத் திரும்பியது. எச்எஸ்பி-90-இன் பிடி தளர்ந்ததும் எச்எஸ்எஃப்-1 அவிழ்கிறது. செல் சூடு பட்டதுபோலவே எச்எஸ்பி-70-ஐச் செய்து தள்ளுகிறது. மருந்து கொல்லப் போன புற்றுநோய்ச் செல்லை அது காப்பாற்றிவிடுகிறது. இந்த வகை மருந்துகள் எதிர்பார்த்த அளவுக்குப் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் எச்எஸ்எஃப்-1-ஐயும் சேர்த்தே அடக்கும் மூலக்கூறுகளைச் சில ஆய்வகங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன.