தாழ்த்திய வண்டியின் ஓசை

1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை இன்றும் நம் வீதிகளிற் காணலாம். அழகு கருதி அதனைத் தாழ்த்துவோர், பின்னச்சுக்கும் வில்தகடுகளுக்கும் இடையே கட்டையொன்றைச் செருகுவர். வண்டி தாழும், அச்சுக்கும் மேலேயுள்ள தடுப்பு இறப்பருக்கும் இடையிலான வெளியும் குறையும். பள்ளத்தில் இறங்கியதும் 'தொம்' என்று முதுகிலே இடிக்கும். 'சொக் அப்சோபர் பழுது' என்று புதியது வாங்கச் சொல்வர். வாங்குமுன், அவ்விறப்பரிற் சிறிது களிமண்ணை அப்பி, அதே வீதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மண் நசுங்கியிருந்தால் குற்றம் கட்டையினதே. மெல்லிய கட்டை போதும். இறப்பரை வெட்டியெறிதல் பேதைமை. இரும்போடு இரும்பு மோதும்.

'கிறீச்' ஒலி பெரும்பாலும் வில்தகட்டு இறப்பர்களின் தேய்வு; அவசரமில்லை.

முன்புறத்துக் 'கடகட' ஓசையோ அப்படியன்று. முன்சில்லைத் தாங்கித் திருப்பும் அச்சின் கீழ்ப்புரி, கிறீஸ் காணாது தேய்ந்து கழன்றால், ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி குப்புறச் சரியும். வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சில்லை மேலுங் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் வண்டி அன்றே நிற்கட்டும். கட்டையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.