பூங்காவில் தலையை எண்ணட்டும், முகத்தைப் பார்க்க வேண்டாம்

உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பிரதேச சபை உறுப்பினர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "பின்னேரம் நல்ல சனம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நுழைவுச்சீட்டு இல்லாத இடத்துக்குப் பதிவேடும் இல்லை. ஆனால் மலசலகூடம் எத்தனை வேண்டும், மின்விளக்கு எத்தனை மணிவரை எரிய வேண்டும், துப்புரவுத் தொழிலாளர் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கை தெரியாமலே தீர்மானிக்கப்படுகிறது. சத்தமாகக் கேட்பவரின் வட்டாரத்துக்கு ஊஞ்சல் போகிறது.

வெளிநாடுகளில் இதற்காகப் பூங்கா வாசல்களில் ஆட்களை எண்ணும் சென்சர்களைப் பொருத்துகிறார்கள். எமது நகரங்களிலும் இது வர வேண்டும் என்பதே எனது கருத்து. ஆனால் எந்தச் சென்சர் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

இவற்றில் மிக எளியது அகச்சிவப்புக் கதிர் வகை. வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத கதிர் பாயும். யாராவது குறுக்கே போனால் ஒன்று கூடும். உடல் வெப்பத்தை உணரும் வகையும் நடைபாதைக்கு அடியில் புதைக்கும் அழுத்தத் தகடும் ஏறத்தாழ அப்படித்தான். இவற்றுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. குறையும் உண்டு. இருவர் சோடியாக நுழைந்தால் ஒருவராகப் பதியும், இடுப்பில் இருக்கும் குழந்தை கணக்கில் வராது, நாய் போனாலும் சிலவேளை ஆளாகிவிடும். அதனால் ஒருவர் கடதாசியும் பேனையுமாக வாசலில் நின்று எண்ணி, கருவியின் கணக்கைத் திருத்த வேண்டும். வாசலே இல்லாத காலிமுகத்திடல் போன்ற திறந்த வெளிக்கு இது சரிவராது. மதிலும் வாசலும் உள்ள சிறுவர் பூங்காவுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்த இரண்டு வகைகள் வேறு கதை. ஒன்று, கையடக்கத் தொலைபேசி வெளிவிடும் வை-பை சமிக்ஞையைப் பிடித்து எண்ணுவது. மற்றையது கெமரா. தலைக்கு மேலே பொருத்தி உருவத்தை மாத்திரம் எண்ணி, படத்தைச் சேமிக்காத கெமராக்கள் இருக்கின்றன. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஊகிக்கும் கெமராக்களும் விற்பனைக்கு உள்ளன. இரண்டாவது வகையில் முகத்தை அடையாளம் காணும் வசதியைப் பிறகு சேர்ப்பது பெரிய வேலையல்ல.

பிரித்தானியாவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கெமராக்களைப் பொருத்தினார்கள். சாதாரணக் குற்றங்களைக் குறைக்கவே என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. 2010இல் இது வெளியே வந்தபோது கெமராக்களைப் பிளாஸ்டிக் பைகளால் மூட வேண்டியதாயிற்று, பொலிஸார் மன்னிப்புக் கேட்டார்கள், அடுத்த வருடம் கழற்றியே விட்டார்கள். அங்கே மக்களைக் கோபப்படுத்தியது கெமராவை விட, சொன்ன நோக்கம் ஒன்றாகவும் உண்மை நோக்கம் வேறாகவும் இருந்ததுதான்.

எமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. கப்பல் சுக்கான் படம் போட்ட உடையைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். மனிதக் கண்ணே அப்படிப் பிழைத்த நாட்டில், பூங்காவில் பிடித்த படம் யார் கைக்குப் போகும் என்று கேட்பதைச் சந்தேகப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. சட்டம் வந்து காக்கும் என்று காத்திருப்பதை விட, கருவி வாங்கும்போதே படம் பிடிக்காததை வாங்குவது பாதுகாப்பு.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கவில்லை. மொத்தக் கணக்கு பெண்கள் வராததைக் காட்டாது. பின்னேரம் 300 பேர் என்று சென்சர் சொல்லும். மஃரிபுக்கு முன்பே தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவது, வெளிச்சமும் ஒழுங்கான மலசலகூடமும் இல்லாததால்தான் என்பதைச் சொல்லாது. அதற்காக ஆண் பெண் பிரிக்கும் கெமராவை வாங்கினால், பூங்காவுக்கு வர ஏற்கனவே தயங்கும் பெண் முற்றாகவே நின்றுவிடுவாள். மணித்தியாலக் கணக்கைச் சென்சரிடம் எடுப்போம். மற்றதை, வருடத்தில் இரண்டு கிழமை பெண்கள் சிலரை வாசலில் இருத்தி, வருகிறவர்களிடம் வாயால் கேட்டு அறியலாம். செலவும் குறைவு.

2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சி மன்றங்கள் ஒவ்வொரு வருட இறுதியிலும் பாதீட்டைச் சபையில் வைக்கின்றன. எண்ணும் கருவிக்கென ஒரு தொகை அதில் வந்தால், எமது உறுப்பினர்கள் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: கருவி படம் பிடிக்குமா, தரவை விற்பனை நிறுவனம் வைத்திருக்குமா, பாதுகாப்புத் தரப்பு கேட்டால் கொடுக்க எதுவும் இருக்குமா. மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் கையை உயர்த்தலாம். பிறகு மாதாந்தக் கணக்கைச் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தப் பூங்காவுக்கு விளக்கு போடவில்லை என்று சனமே கேட்கும்.