நிறைமாதத்துக்குக் கரையில் ஓர் இடம் வேண்டும்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பேயில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் வந்து சேர எட்டு மணி நேரம் வரை ஆகும். கேம்பல்பேயிலிருந்து வழித் தீவுகளில் நின்று நின்று வரும் கப்பல் என்றால் இரண்டு நாள்கூடப் பிடிக்கலாம். அதுவும் கடல் அமைதியாக இருந்தால்தான். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழைகளும் மாறி மாறி வரும் அந்தமான் நிக்கோபாரில், வலி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்பது நடக்கிற காரியமில்லை.

டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளும் பிரசவ நாள்தான். பேறுகாலத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால், இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பறிபோகக்கூடும். லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஒங்கி பழங்குடி மக்களிடையே பணியாற்றிய செவிலியர் சாந்தி தெரேசா லக்ராவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலும், சிசேரியனுக்கு வேண்டிய அறுவை சிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும்.

ஆகவே 36-ஆவது வாரத்திலேயே கரை சேர்ந்துவிட வேண்டும். சரி, வந்து எங்கே தங்குவது? நகரத்தில் உறவினர் உள்ளவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் போர்ட் பிளேரின் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குப் பக்கத்திலும், மாயாபந்தர், கார் நிக்கோபார் மருத்துவமனைகளுக்குப் பக்கத்திலும் பிரசவக் காத்திருப்பு இல்லங்களை அரசு நடத்த வேண்டும்.

இது இந்தத் தீவுகளுக்குப் புதிய யோசனையல்ல. கார் நிக்கோபார் கிராமங்களில் 'எல்பானம்' என்ற கடலோரப் பொதுவெளியில், பிரசவத்துக்கென்றே ஊர்ப்பொதுவாக ஒரு வீடு இருந்தது. கியூபா 1962-இல் காமகுவே பகுதியில் முதல் காத்திருப்பு இல்லத்தைத் திறந்து, பின்னர் நாடு முழுக்கப் பரப்பியது. தமிழகத்தின் மலைப்பகுதிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய அறைகள் உண்டு.

இல்லம் என்றால் நான்கு கட்டில் போட்ட கொட்டகை அல்ல. நிறைமாத வயிற்றோடு மல்லாந்து படுத்தால் பெரிய ரத்தக்குழாய்கள் அழுந்தித் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இதம். நெஞ்செரிச்சல் வராமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். கால் வீங்கினால் உயர்த்தி வைக்க நாற்காலி, மாலையில் நடக்க நிழலான இடம், இரவில் நாலு தடவை எழுந்தாலும் எட்டிப்போகும் தூரத்தில் கழிப்பறை. இத்தனையும் இருந்தால்தான் ஒரு பெண் அங்கே மூன்று நான்கு வாரம் மனமொப்பித் தங்குவாள். தலைவலி, கண் மங்கல், ரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே பார்க்க ஒரு செவிலியர் பக்கத்திலேயே இருப்பார்.

2011-இல் வந்த மத்திய அரசின் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் இலவச உணவு கிடைக்கிறது. தீவுப் பெண்ணுக்கோ செலவு அதற்குப் பல வாரம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நாள்களுக்கும் உணவும் படியும் வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தீவுகளிலிருந்து சென்னைப் பக்கம் தாய்வீடு போகும் தமிழ்க் குடும்பங்கள், வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. ஏனென்றால், 32 வாரம் தாண்டினால் விமான நிறுவனங்கள் பொதுவாக டாக்டர் சான்றிதழ் கேட்கின்றன. 36-க்குப் பிறகு ஏற்றுவதில்லை.

2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை நடக்கிறது. அங்கேயே கப்பல் டிக்கெட்டையும் இல்லத்தில் படுக்கையையும் சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். கர்ப்பிணிக்குக் கீழ் பங்க், துணைக்கு வருபவருக்குப் பக்கத்து பங்க். மூத்த பிள்ளைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அந்தப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாத தாய், கடைசி வாரம் வரை ஊரை விட்டுக் கிளம்பமாட்டாள்.