தச்சரை அவசரப்படுத்தாதீர்கள்!

வீடு கட்டுகிறீர்களா? வாசலில் தச்சர் கதவு செய்கிறாரா? அவரை அவசரப்படுத்தாதீர்கள்!

பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். காயும்போது அது அகலத்தில் சுருங்கும். ஈரத்தோடு செய்த கதவில், கோடையில் இடுக்கு விழும். பழி யார் மேல்? தச்சர் மேல்! குற்றமோ நம் அவசரத்தில்.

காய வைப்பதிலும் முறை உண்டு. கொளுத்தும் வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். நிழலில், தரையில் படாமல் அடுக்குங்கள். பலகைகளுக்கு நடுவே 1 அங்குலக் குச்சிகள் வையுங்கள். காற்று புகட்டும்! மழைக்கு மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள்.

காய்ந்ததா? வாரம் ஒருமுறை ஒரு பலகையை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுக்கச் சொல்லுங்கள்.

புதுமனை புகுவிழா ஒரு நாள்தான். கதவோ பேரன் காலத்துக்கும் வேண்டும்!