பாதி மலையில் திரும்பியவன் தோற்றவன் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸுக்கு நிற்கும்போது படிக்காதீர்கள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நம் பையன்கள் ஆறு பேர் வெள்ளியங்கிரிக்குப் போயிருக்கிறார்கள். ஐந்து பேர் ஏழாவது மலையில் நின்று எடுத்த படம். கீழே '3 மணி 10 நிமிடம்' என்று எழுதியிருந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். அடுத்து ஆறாவது பையனின் படம். நாலாவது மலையில் நெஞ்சு படபடக்கிறது, கண்ணை இருட்டுகிறது என்று அவன் திரும்பிவிட்டானாம். ஒரு கல்லில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அதைப் பின்னாலிருந்து எடுத்து 'நாலாவது மலை நாயகன்' என்று எழுதிப் போட்டிருக்கிறீர்கள். 43 பேர் சிரித்திருந்தீர்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அதில் என் தங்கை மகனும் ஒருவன்.

என் தீர்ப்பை முதலில் சொல்கிறேன். அந்த ஆறு பேரில் கணக்கைச் சரியாகப் போட்டவன் அவன் ஒருவன்தான். மற்ற ஐந்து பேரும் தப்பாகப் போட்டும் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் அப்படி வந்தால் நான் மார்க் போட்டதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது வழிமுறையோடு பார்ப்போம்.

வில்லியம் நெய்ஸ்மித் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 1892-ல் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை ஒரு வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், உயரத்துக்கு 1 மணி 40 நிமிடம், ஆக மொத்தம் 2 மணி 52 நிமிடம். இது நல்ல உடற்பயிற்சி உள்ளவனுக்கு, நல்ல பாதையில், எங்கேயும் நிற்காமல் போனால். வெள்ளியங்கிரிப் பாதை எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். கரடுமுரடான படிக்கட்டு, வழுக்குப்பாறை, இருட்டு, கூட்டம். சாதாரண ஆட்களுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிறது.

அப்படியென்றால் உங்கள் 3 மணி 10 நிமிடத்தில் ஓய்வுக்கு மிஞ்சியது 18 நிமிடம். மூச்சு வாங்கிய நண்பனுக்காக நீங்கள் எங்கேயும் நிற்கவில்லை என்று உங்கள் சாதனையே சாட்சி சொல்கிறது. கண்ணை இருட்டுகிறது என்று சொன்னவனை ராத்திரி தனியாக இறங்க விட்டிருக்கிறீர்கள். கூட ஒருத்தன்கூட இறங்கவில்லை. படம் எடுக்க மட்டும் ஒருத்தனுக்கு நேரம் இருந்திருக்கிறது.

அடுத்து தூக்கக் கணக்கு. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டு, இரவு பத்து மணிக்குப் பூண்டியில் மூங்கில் தடி வாங்குகிறாய். அப்போதே 16 மணி நேரம் விழித்திருக்கிறாய். உச்சியில் இருந்து விடியலைப் பார்க்கும்போது 24 மணி நேரம். இறங்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். 17 மணி நேரம் தூங்காதவனின் கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவனைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் ஆனபோது அது 100 மில்லிகிராம் அளவுக்குப் போனது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். டூவீலர் சாவியையே கொடுக்கக் கூடாத நிலையில் இருக்கிறவன், காலுக்கடியில் ஈரப் பாறை இருக்க, ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறான்.

இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை அதிகம் கிழிபடுவது இந்த வேலையில்தான். கால் 'கடகட'வென்று ஆடுகிறது என்று சொல்வோமே, அது இதுதான். உச்சியில் நிற்கிறவன் பாதிக் கணக்கைத்தான் முடித்திருக்கிறான், கஷ்டமான பாதி இன்னும் பாக்கி.

2024 மார்ச் மாதம் வெள்ளியங்கிரியில் 24 மணி நேரத்துக்குள் மூன்று பேர் இறந்துபோனார்கள். எல்லோரும் வயதானவர்கள் இல்லை. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் எத்தனை பேர் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறீர்கள்? நெஞ்சு படபடத்ததும் உடம்பு சொன்னதைக் கேட்ட ஒருத்தனைத்தான் நாம் 43 பேர் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அடுத்த தடவை அவன் திரும்ப மாட்டான். உங்கள் சிரிப்பை நினைத்துக்கொண்டு ஐந்தாவது மலைக்கும் ஏறுவான். என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

திரும்புவது பயந்தாங்கொள்ளி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். யோரன் குரோப், ஸ்வீடன் நாட்டுக்காரர். தன் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தே நேபாளம் வந்து சேர்ந்தவர். 1996 மே மாதத் தொடக்கத்தில், செயற்கை ஆக்சிஜன் இல்லாமல், எவரெஸ்ட் உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வரை போய்விட்டார். நேரம் கடந்துவிட்டது, இனிமேல் ஏறினால் பத்திரமாக இறங்க முடியாது என்று திரும்பிவிட்டார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்தவருக்கு அந்த 100 மீட்டர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, மே 10-ல், வேறு குழுக்கள் ஏறின. பிற்பகல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு. நாலு மணி வாக்கிலும் உச்சியில் ஆட்கள் இருந்தார்கள். புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் பெரிய பெரிய வழிகாட்டிகளும் உண்டு. குரோப் மே 23-ல் மறுபடி ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு உயிரோடு இறங்கினார். திரும்பியவனுக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களை மட்டும் திட்டினால் அது நேர்மை இல்லை.

சதுரகிரியில் நான் ஒரு ராத்திரி வெள்ளத்தில் மாட்டிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் மழை பெய்யும்போதெல்லாம் "சார், அந்தச் சதுரகிரி கதை" என்று கேட்பீர்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். அந்தக் கதையில் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிது. புரட்டாசி அமாவாசை. நானும் டீச்சரம்மாவின் அண்ணனும் போனோம். பஸ் தாமதம், தாணிப்பாறையில் ஏறத் தொடங்கும்போதே மணி ஒன்பது தாண்டிவிட்டது. சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு வரும்போது இரண்டு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மச்சான் சொன்னார், "மாப்ளே, சாமி கும்பிட்டாச்சு. போதும், இறங்கிருவோம்." நான் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பெரிய மகாலிங்கத்தைப் பார்க்காமல் போவதா என்று பிடிவாதம். பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாலரை. அந்தக் காலத்தில் மேலே மடத்தில் தங்கலாம், சாப்பாடும் கிடைக்கும். மச்சான் அதையும் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடம், லீவு சொல்லவில்லை என்று இறங்க வைத்தேன்.

வழியிலேயே இருட்டிவிட்டது. அமாவாசை, நிலாவும் கிடையாது. டார்ச் மங்கிப்போனது. மழை பிடித்துக்கொண்டது. சங்கிலிப்பாறைப் பக்கம் மச்சான் வழுக்கி விழுந்தார், முட்டி திரும்பிவிட்டது. கீழே ஓடைச் சத்தம் லாரி போவது மாதிரிக் கேட்டது. விடியும்வரை ஒரு பாறையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் பளியர் இரண்டு பேர் வந்து மச்சானைத் தூக்கி இறக்கினார்கள். இருபது ரூபாய் கொடுத்தேன், அவர்கள் கைநீட்டி வாங்கவில்லை.

வகுப்பில் சொன்ன கதை வெள்ளத்தோடு முடிந்துவிடும். மச்சானின் முட்டியை நான் சொன்னதே இல்லை. கரிசல் காட்டில் குனிந்து நிமிர்ந்து பாடுபட்ட மனிதர், அன்றிலிருந்து இன்றுவரை சம்மணம் போட்டு உட்கார முடியாது. விசேஷ வீட்டுப் பந்தியில் அவருக்கு மட்டும் நாற்காலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் நான்தான். அவர் இதுவரை ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. நான் அந்தப் பிடிவாதத்தை வீரக்கதை ஆக்கி உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறேன். "3 மணி 10 நிமிட" வியாதியில் எனக்கும் பங்கு உண்டு.

அதே மலையில் 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இன்று அது புலிகள் காப்பகம். காலையில் மட்டும் ஏற விடுகிறார்கள், மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், மேலே தங்கக் கூடாது. "கெடுபிடி பண்ணுகிறார்கள்" என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கெடுபிடி அன்று இருந்திருந்தால் மச்சானுக்குக் கால் இருந்திருக்கும்.

எப்படியும் சில பேர் கமெண்டில் கேட்பீர்கள். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

"சார், சிவன் மலையில் உயிர் போனால் புண்ணியம்." போகிறவனுக்குப் புண்ணியம் என்றே வைத்துக்கொள்வோம். செங்குத்துப் படிக்கட்டில் டோலி கட்டி உன்னைச் சுமந்து இறக்குகிற தொழிலாளிக்கு என்ன? வாசலில் நிற்கிற உன் அம்மாவுக்கு என்ன? மலை ஏறி வா என்று கூப்பிட்ட சாமி, இறங்கிப் போகாதே என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறதா?

"அரசாங்கம் வசதி செய்யவில்லை." மருத்துவ முகாம், குடிதண்ணீர், கூடுதல் ஆட்கள் கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் எந்த அரசாங்கம் வந்தாலும் ஐந்தாவது மலைக்கு 108 வராது.

"அப்போ ஏறவே கூடாதா?" ஏற வேண்டும். கட்டாயம் ஏற வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு மலை வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 மலைப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டிருக்கிறது. ஒரே நாளில் ஏறி இறங்குவதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜப்பானைப் பாருங்கள். ஃபூஜி மலை 3,776 மீட்டர். தங்காமல், தூங்காமல், ராத்திரியோடு ராத்திரியாக ஓடி ஏறுவதற்கு அங்கே 'தோட்டா ஏற்றம்' என்றே பெயர். துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட தோட்டா திரும்பி வராது. 2024-ல் யமனாஷி மாகாணத்தில் பாதைக்கே கதவு போட்டு, மேலே விடுதியில் இடம் பதிவு செய்யாதவர்களுக்கு மாலை 4 மணி முதல் அதிகாலை 3 மணி வரை அடைத்துவிட்டார்கள். அவ்வளவு ஒழுங்கான நாட்டுக்கே கதவு தேவைப்படுகிறது. நீங்கள் உங்களுக்கு நீங்களே கதவு போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு வீட்டுப்பாடம்:

1. கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை எழுது. காலை 6-க்கு ஏறி மாலை 6-க்குள் அடிவாரம் என்றால் கையில் 12 மணி நேரம். ஏற 5, இறங்க 4, கையிருப்பு 3. ஆகவே 11 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பு. அந்த நேரத்தை வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போ. ராத்திரி ஏறுகிறவனுக்கும் கணக்கு இதேதான்.

2. முந்தின ராத்திரி தூங்கு. பஸ்ஸில் உட்கார்ந்து தலை ஆட்டியதைத் தூக்கம் என்று கணக்கில் சேர்க்காதே.

3. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு ஏறு. அன்று எனக்குத் தெரியாமல் போன பாடம் இது.

4. மெதுவாக நடப்பவன் முன்னால் போகட்டும். ஒருவன் திரும்பினால் கூட ஒருவனாவது திரும்ப வேண்டும்.

5. கடிகாரத்தைக் குழுவில் போடுவதாக இருந்தால், எல்லோரும் அடிவாரம் வந்து சேர்ந்த நேரத்தைப் போடு.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. பெயர் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். தம்பி, நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 மார்க். அப்போது உன்னை நான் நிறைய திட்டியிருக்கிறேன். நாலாவது மலையில் நீ போட்ட கணக்குக்கு நூற்றுக்கு நூறு. இந்த வாரமே நல்ல டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துப் பார். முடிவை எனக்கு போனில் சொல். டீச்சரம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மற்ற ஐந்து பேரும் இன்றைக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு அவனுக்கு போன் போடுங்கள். சிரித்த 43 பேரும் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மருமகனே, உனக்கும் சேர்த்துத்தான்.

சித்திரை லீவுக்கு ஊருக்கு வரும்போது எல்லோரும் கழுகுமலை ஏறுவோம். சின்ன வயதில் உங்களைக் கூட்டிக்கொண்டு போன அதே மலை. என் முட்டியும் இப்போது சரியில்லை, பாதியில் உட்கார்ந்துவிட்டாலும் விடுவேன். மச்சான் அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சதுரகிரிக் கதையை இந்தத் தடவை அவர் வாயால் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
குருவிகுளம்.

பி.கு.: இதைப் படித்துவிட்டுக் கும்பிடு போட்டுக் கடந்து போகாதீர்கள். அடுத்து எந்த மலைக்குப் போகிறீர்கள், திரும்பும் நேரம் என்ன என்று கமெண்டில் எழுதுங்கள். நான் திருத்தித் தருகிறேன்.